பொம்மிக்கு கேரட் சாப்பாடுன்னே தெரியாது

கடிதம்:

அக்கா வணக்கம், நான் புதுச்சேரி முத்தியால்பேட்டை. எங்க வீட்ல காக்டெயில்னு கொண்டை வெச்ச சின்னக் கிளி ஒண்ணு இருக்கு, பேரு பொம்மி, மூணு வயசாகப் போகுது. வாங்குனதுல இருந்து தினையும் சூரியகாந்தி விதையும்தான், அதுலயும் சூரியகாந்திய மட்டும் பொறுக்கித் தின்னுட்டு மிச்சத்த தள்ளி விட்டுடும். கேரட், ஆப்பிள், கொய்யா, மாதுளைன்னு எல்லாம் வெட்டி வெச்சுப் பாத்துட்டேன், கிண்ணத்தப் பாத்தாலே அந்த மூலைக்கு ஓடிடுது. வாங்குன கடையில கேட்டா விதைய சுத்தமா நிறுத்துங்க, ரெண்டு நாள் பட்டினி கெடந்தா தானா திங்கும்னு சொல்றாரு. மாமியார் மிளகாய் குடுக்கறாங்க, அத மட்டும் ஒரு கடி கடிக்குது, வாய் எரியுமேன்னு எனக்கு பயமா இருக்கு. பட்டினி போடலாமா? எப்டிதான் பழக்கறது?

பதில்:

தங்கச்சி, பட்டினி மட்டும் போட்டுடாதீங்க. மத்தத எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். உங்க கடிதம் பாத்ததும் மத்த வேலைய அப்டியே வெச்சுட்டு உக்காந்துட்டேன், அதுக்குள்ள விதைக் கிண்ணத்த எடுத்துடுவீங்களோன்னு மனசு அடிச்சுக்கிச்சு.

எனக்கும் இதே யோசனைய ஒருத்தர் சொன்னாரு. அப்ப மஞ்சக்குப்பத்துல வாடகை வீட்ல இருந்தோம், லவ் பேர்ட்ஸ்னு விக்கறாங்களே அந்த பட்ஜி ஒண்ணு வெச்சிருந்தேன், முப்பத்தஞ்சு கிராம் இருக்கும் அவ்ளோதான். விதைய எடுத்துட்டு கேரட்டும் கீரையும் மட்டும் வெச்சேன். சாயந்திரம் பாத்தா கிண்ணத்துல பாதி இல்ல, ஆஹா தின்னுடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். அது தின்னல, இறைச்சு கீழ தள்ளியிருக்கு, கூண்டுக்கு அடியில கெடந்த கேரட்டக் கூட்டி அள்ளும்போதுகூட எனக்கு உறைக்கல. ரெண்டாம் நாள் சாயந்திரம் எறகெல்லாம் உப்பிக்கிட்டு கூண்டோட தரையில வந்து உக்காந்துருந்துச்சு. மறுநாள் விடியறதுக்குள்ள போயிடுச்சு. அவ்ளோ சின்ன ஒடம்பு, சூடு வேகமா எரிஞ்சுக்கிட்டே இருக்கும், நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிட்டே இருந்தாதான் தாங்கும். நம்ம விரதம் இருக்கற கணக்கு அதுக்கு ஆகாது. காக்டெயில் அத விட பெருசுதான், ஆனாலும் 90 கிராம், ரெண்டு நாள் தாங்கும்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாது.

இதுல நாம செய்யற தப்பு என்னன்னா அது அடம் பிடிக்குதுன்னு நெனைக்கறோம். அடமே இல்ல. குஞ்சா இருக்கும்போது தாய் தகப்பன் எத திங்குதோ அதத்தான் அது சாப்பாடுன்னு கத்துக்குது, கூண்டுல விதையப் பாத்தே வளந்த பறவைக்கு ஆரஞ்சு கலர்ல ஒரு துண்டு கெடந்தா அது ஏதோ புதுப் பொருள், பயப்படத்தான் செய்யும். அதோட கிளின்னா பழம் திங்கும்னு நம்ம மனசுல ஒண்ணு பதிஞ்சு போயிருக்கு, வேலியில கோவைப்பழத்தயும் தோப்புல கொய்யாவையும் கொத்தற பச்சைக்கிளியப் பாத்து வந்த நெனப்பு அது (அத வீட்ல வளக்கறது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், தெரிஞ்சவங்க யாராவது வெச்சிருந்தா சொல்லிடுங்க). காக்டெயில் ஆஸ்திரேலியாவுல வறண்ட பக்கத்துப் பறவை, கூட்டமா தரையில எறங்கி புல்லு விதை பொறுக்கற ஜாதி. பக்கத்து வீட்டு சன் கான்யூர் கிளி மாம்பழத்த மூஞ்சில அப்பிக்கிட்டு திங்குதுன்னா அது தென்னமெரிக்கா பக்கத்துப் பறவை, பழம் அதுக்குப் பொறந்த சாப்பாடு. ரெண்டையும் ஒப்பிடவே கூடாது. அதனால ஆப்பிளையும் மாதுளையையும் இப்போதைக்கு விட்டுடுங்க, கீரையில இருந்து ஆரம்பிங்க.

ஆனா விதையே போதும்னும் விட்டுட முடியாது. சூரியகாந்தியில கொழுப்புதான் ஜாஸ்தி, வைட்டமின் ஏ கிட்டத்தட்ட கெடையாது, சுண்ணாம்புச் சத்தும் கம்மி. வருஷக்கணக்கா அதையே தின்னா ஈரல்ல கொழுப்பு ஏறும், மூக்கு அடைக்கும், அடிக்கடி தும்மும், வாய்க்குள்ள வெள்ளையா படியும். பொம்மி பொட்டையா இருந்து முட்டை போட ஆரம்பிச்சுதுன்னா கால்சியம் இல்லாம முட்டை உள்ளயே சிக்கிக்கும், அது உயிருக்கே ஆபத்து.

மொதல்ல ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்க, ஒரு கிராம் வரைக்கும் காட்டணும். காலைல எச்சம் போட்டதும் தீனிக்கு முன்னாடி எடை போட்டு காலண்டர்ல எழுதுங்க, தினமும். 90 இருந்தது 85க்கு வந்தா புதுசு எல்லாத்தையும் நிறுத்திட்டு பழைய தீனிய முழுசா குடுங்க, 81க்கு எறங்கிட்டா அன்னைக்கே டாக்டர். கிண்ணத்த நம்பாதீங்க, உமிய உரிச்சு அதே கிண்ணத்துல போட்டுடும், மேலாப்ல பாத்தா நெறஞ்ச மாதிரியே இருக்கும், ஊதிப் பாத்தா அடியில ஒண்ணும் இருக்காது.

அப்புறம் காலைலதான் நல்லா பசிச்சிருக்கும், வெளிச்சம் வந்ததும் ஒரு மணி நேரம் காய் மட்டும் வெச்சுட்டு அதுக்கப்புறம் வழக்கமான விதைய வெச்சுடுங்க. இது பட்டினி இல்ல, காபி கொஞ்சம் லேட்டா வர்ற மாதிரிதான்.

என்னோட ரெண்டாவது பறவைக்கு (இதுவும் காக்டெயில்தான்) வழி தொறந்து விட்டது முருங்கைக்கீரை. கிண்ணத்துல வெக்கல, ஒரு கொத்த கொம்போட ஒடிச்சு நல்லா கழுவி தண்ணி சொட்டச் சொட்ட துணி மாட்டற கிளிப்ல அது உக்கார்ற குச்சிக்குப் பக்கத்துல மாட்டுனேன். மொத வாரம் கிட்டயே வரல. ரெண்டாவது வாரம் அந்த ஈரத்துல ஒடம்ப ஒரசி குளிச்சுது, திங்கல. நான் ஒண்ணும் பண்ணல, தெனமும் மாட்டுனேன், தெனமும் எடுத்தேன். அதுக்கு முன்னாடி உக்காந்து நானும் ஒரு எலைய பிச்சு வாயில போட்டு மென்னேன், ஏன்னா அது கூட்டத்துப் பறவை, கூட இருக்கறவங்க தின்னாதான் அது நம்பும், வீட்ல அதோட கூட்டம் நாமதான். அஞ்சாவது வாரம் ஒரு நாள் காலைல நுனி எல ஒண்ணப் பறிச்சு நாக்குல உருட்டி உருட்டிப் பாத்துட்டு முழுங்குச்சு. எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு தங்கச்சி.

அதுக்கப்புறம் கேரட்டத் துருவி ஈரமா இருக்கும்போதே தினையப் பெரட்டி வெச்சேன், விதைய எடுக்கப் போற அலகுல கேரட்டும் ஒட்டி உள்ள போகும். மொளகட்டுன பச்சைப்பயறு, அவிச்ச சக்கரவள்ளி, பரங்கிக்காய் கீத்து, மக்காச்சோளக் கதிர அப்டியே பாதியா ஒடிச்சு நிக்க வெச்சாலும் சிலதுங்க சண்டை போட்டுத் திங்கும். பாலக்க தெனமும் குடுக்காதீங்க, அது சுண்ணாம்புச் சத்த ஒடம்புல சேர விடாது, முருங்கைதான் நமக்கு லேசா கெடைக்கறதும் கூட.

மாமியார் மிளகாய் குடுக்கறது சரிதான், அவங்ககிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. மிளகாய் காரம் நம்ம நாக்குல பட்டு எரியறதுக்கு ஒரு நரம்பு வாசல் இருக்கே, பறவைக்கு அந்த வாசல் காரத்துக்குத் தொறக்காது. அதுக்கு எரியவே எரியாது. பழுத்த சேப்பு மிளகாய்னா வைட்டமின் ஏக்கு இன்னும் நல்லது. அது ஏற்கனவே கடிக்குதுன்னா உங்களுக்கு பாதி வேலை முடிஞ்சுது, அத ரெண்டா கீறி அதுக்குள்ள துருவுன கேரட்ட வெச்சுப் பாருங்க.

காய் தின்ன ஆரம்பிச்சா எச்சம் தண்ணியா போகும், பேதின்னு பயந்துடாதீங்க, சிறுநீர்தான் ஜாஸ்தி. பீட்ரூட் குடுத்தா செவப்பா போகும். ஆனா வெள்ளையா இருக்கற பகுதி மஞ்சளாவோ பச்சையாவோ மாறுனா காட்டியே ஆகணும், உங்களுக்கு குரும்பாபேட்ல ராஜீவ் காந்தி கால்நடைக் கல்லூரி பக்கத்துலயே இருக்கு.

நம்ம கடற்கரை ஊர் புழுக்கத்துல வெட்டுன காய ஒன்றரை மணி நேரத்துக்கு மேல கூண்டுல விடாதீங்க, கத்திரி வெயில்ல அதுக்கும் முன்னாடியே எடுத்துடுங்க. பெரிய மார்க்கெட்ல வாங்கறத நல்லா அலசிட்டு குடுங்க, திராட்சைனா தண்ணில ஊற வெச்சு ரெண்டு மூணு தடவ. இன்னொண்ணு, பாண்டியில இப்ப ஜூஸ் கடைக்கு கடை பட்டர் ஃப்ரூட் வந்துடுச்சு, அதுல ஒரு துளிகூட பொம்மி வாய்ல படக்கூடாது, அது பறவைக்கு விஷம், இதயத்தயே தாக்கும். சாக்லேட், காபி, வெங்காயம், உப்பு போட்ட எதுவும் வேண்டாம், ஆப்பிள் பின்னாடி என்னைக்காவது குடுத்தா கொட்டைய எடுத்துட்டு குடுங்க.

இன்னைக்கு சாயந்திரமே தராசு வாங்கிடுங்க. நாளைக்குக் காலைல பொம்மி எத்தன கிராம்னு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க, காத்துட்டு இருப்பேன்.

அன்புடன்,
அக்கா, கடலூர்