எல்லோரும் விற்கும் பங்குகளை வாங்கி மதிப்பு முதலீட்டு போர்ட்ஃபோலியோ அமைப்பது எப்படி?

உண்மையான மதிப்பைவிடக் குறைந்த விலையில் பங்கை வாங்குவதே மதிப்பு முதலீடு. விலை பாதியாகிவிட்டது என்பது ஒரு பங்கை அலசத் தொடங்கக் காரணம். வாங்கக் காரணம் ஆகாது. பாதியானது இன்னொரு முறையும் பாதியாகும்.

பலரும் பி.இ. விகிதத்தில் (சந்தை மதிப்பு ஆண்டு லாபத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) தொடங்குவார்கள். நான் கடனில் தொடங்கச் சொல்வேன். சந்தை மனம் மாற மூன்று ஆண்டு ஆகலாம், அதுவரை நிறுவனம் தாக்குப்பிடிக்க வேண்டுமே. எந்தக் கடனை எப்போது அடைக்க வேண்டும் என்பது ஆண்டறிக்கையின் குறிப்புகளில் இருக்கும். இரண்டு ஆண்டுக்குள் பெருந்தொகை முதிர்கிறது, ரொக்கமோ குறைவு என்றால் விட்டுவிடுங்கள். அடிமாட்டு விலைக்குப் புதுப் பங்குகள் வெளியிட்டுத்தான் அடைப்பார்கள். பிறகு தொழில் மீண்டாலும் பலன் உங்களுக்கு வராது. மோசமான ஆண்டிலும் செயல்பாட்டு லாபம் (வட்டியும் வரியும் கழிப்பதற்கு முந்தைய லாபம்) வட்டிச் செலவைப்போல் 4 மடங்காவது இருக்கட்டும். (வங்கிகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது.)

அடுத்த பொறி, லாபம் மாறிமாறி ஏறி இறங்கும் எஃகு, கப்பல் போன்ற சுழற்சித் துறைகள். லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் அங்கே பி.இ. குறைவாகத் தெரியும். விற்பனை 1,000, லாபம் 200, சந்தை மதிப்பு 1,000 என்றால் பி.இ. 5. பத்தாண்டுச் சராசரி லாப விகிதம் 8 சதவீதம்தான் என்றால் இயல்பான லாபம் 80, உண்மையான பி.இ. 12.5. மலிவு எங்கே போயிற்று? ஆனால் தேவையே மறைந்துவரும் தொழிலில், ஃபோட்டோ ஃபிலிமுக்கு நடந்ததுபோல, பழைய சராசரிக்கும் அர்த்தமில்லை.

பங்குகளின் எண்ணிக்கை 15 முதல் 20 வரை, வாங்கும்போது ஒன்றுக்கு மொத்தப் பணத்தில் 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். துறைவாரியாகப் பிரிப்பதைவிட, விழுந்த காரணத்தை வைத்துப் பிரிப்பது முக்கியம். வட்டி உயர்வால் விழுந்த வீட்டுக்கடன் நிறுவனமும் கட்டுமான நிறுவனமும் ஒரே பந்தயம்தான். ஒரு காரணத்துக்கு 25 சதவீதம் உச்சவரம்பு.

மூன்று தவணையாக வாங்குங்கள். விலை இறங்கியது என்பதற்காக அடுத்த தவணையைப் போடாதீர்கள். நிறுவனத்தின் அடுத்த நிதி முடிவுகள் வந்து, கடனும் பணவரத்தும் நீங்கள் கணித்தபடி இருந்தால் மட்டும் போடுங்கள்.

பொருளாதார ஆய்வாளர்கள் டி பாண்ட், தேலர் இருவரின் 1985 ஆய்வில், மூன்றாண்டு தோற்ற (மிக மோசமான பலன் தந்த) அமெரிக்கப் பங்குகள் அடுத்த 36 மாதங்களில், முன்பு வென்றவற்றைவிடச் சுமார் 25 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகத் தந்தன. அதில் பெரும்பகுதி இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் வந்தது. அது 35 பங்குகள் கொண்ட கூடைகளின் சராசரி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தனிப்பங்குக்கு அந்த உத்தரவாதம் இல்லை. பலன் தாமதமாக வரக்கூடும் என்பதால் முதல் ஆண்டு அசையவில்லை என்று விற்க வேண்டாம். ஆனால் வாங்கிய அன்று எழுதிவைத்த காரணம் பொய்த்தால், நட்டமானாலும் அன்றே விற்றுவிடுங்கள்.