இன்டர்லூகின் அளவும் இறங்கிய ஹீமோகுளோபினும்

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு பக்கங்களுக்கு இன்டர்லூகின்-6 என்ற தூதுப் புரதத்தின் ஏற்பிகளைப் பற்றி எழுதிவிட்டு, ஹீமோகுளோபின் 9.8 இருந்ததாகவும், இரும்புச்சத்து மாத்திரையை நீங்களே வாங்கிச் சாப்பிடுவதாகவும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். 52 வயது ஆணுக்கு, அதிலும் 58 வயதில் பெருங்குடல் புற்றுநோய் கண்ட தந்தையின் மகனுக்கு, இரத்தம் இந்த அளவுக்குக் குறைந்திருந்தால், குடலில் எங்கோ கசிவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடியே ஆக வேண்டும். வலப்பக்கப் பெருங்குடலில் மலம் இன்னும் கூழாகவே இருப்பதால், அங்கே வளரும் கட்டி அடைப்பையோ வலியையோ எளிதில் காட்டாது. கசியும் இரத்தமும் மலத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பலருக்குச் சோர்வும் படியேறும்போது வரும் மூச்சிரைப்பும்தான் முதல் அடையாளம். நீங்களாகச் சாப்பிடும் மாத்திரை அந்த அடையாளத்தையும் மறைத்துவிடும். மலத்தைக் கறுப்பாக்கி மருத்துவரையும் குழப்பும்.

புற்றுநோய்த் திசுவில் இன்டர்லூகின்-6 ஏற்பி அதிகம் என்று இணையத்தில் படித்து, இரத்தத்தில் இன்டர்லூகின்-6-இன் அளவைப் பார்த்து, அது சற்றுக் கூடியிருந்ததால் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். சைட்டோகைன் எனும் தூதுப் புரதம் வந்து பொருந்துவதற்காகச் செல்லின் மேற்பரப்பில் அமைந்திருப்பதே ஏற்பி. நலமான பெருங்குடலுக்கும் அது வேண்டும். குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. புண்பட்ட இடத்தை ஆற்றச் சொல்லும் இன்டர்லூகின்-22-இன் செய்தி அவற்றின் ஏற்பி வழியாகத்தான் வந்து சேர்கிறது. இத்தகைய செய்திகள் ஓயாமல் வரும்போது கட்டி அவற்றைத் தன் வளர்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால், ஏற்பி கூடினால் புற்றுநோய் என்ற கணக்கு தவறு. சில கட்டிகளில் ஏற்பி கெட்டுப்போவதுதான் சிக்கல். டிஜிஎஃப்-பீட்டா என்ற இன்னொரு தூதுப் புரதம் செல்லைப் பெருகாமல் தடுப்பது. டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் திறன் கெட்ட பெருங்குடல் கட்டிகளில் அதன் இரண்டாம் வகை ஏற்பி பெரும்பாலும் செயலிழந்திருப்பதை 1995-லேயே கண்டறிந்தார்கள். அந்த ஏற்பியின் மரபணுவில் அடுத்தடுத்து நிற்கும் பத்து அடினின் என்ற டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றிரண்டு விடுபட்டாலே போதும், தடுக்கும் குரல் செல்லை எட்டாது.

சாயமேற்றிய திசுத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால், ஏற்பியைக் காட்டும் பழுப்பு நிறம் கட்டிச் செல்களிலும் தெரியலாம், அவற்றைச் சுற்றிக் குவிந்த வெள்ளணுக்களிலும் தெரியலாம். எது எதனுடையது என்று பிரிப்பதற்கே பயின்ற கண் வேண்டும். இரத்தத்தில் அளந்த ஓர் எண் இதில் எதையும் சொல்லாது. ஈறு வீக்கமும் காய்ச்சலும் உடல் பருமனும்கூட இன்டர்லூகின்-6-ஐ ஏற்றும். அந்தப் பரிசோதனையை மறுபடி செய்யாதீர்கள். வாயுத் தொல்லையையும், எப்போதாவது மலத்தில் தெரியும் சளியையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இந்த வாரமே குடல் மருத்துவரைப் பாருங்கள். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்துவிட்டு, கேமராக் குழாயால் பெருங்குடலை உள்ளிருந்து பார்க்கும் கொலோனோஸ்கோப்பியும், இரைப்பையில் கசிவு உண்டா என்றறிய எண்டோஸ்கோப்பியும் செய்வார். தந்தைக்கு இருந்ததால், கொலோனோஸ்கோப்பியை உங்களுக்கு 40 வயதிலேயே செய்திருக்க வேண்டும். தந்தையைப் போல் ஆகிவிடுவேனோ என்ற அச்சத்துக்கு விடை சொல்லக்கூடியதும் அதுதான்: பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி இருந்தால் பெரும்பாலும் அப்போதே அகற்றிவிடலாம், புற்றாகவே இருந்தாலும், குடல் சுவரைத் தாண்டாத நிலையில் அறுவை சிகிச்சையால் பெரும்பாலானோர் குணமடைகிறார்கள். இரும்பு மாத்திரையைக் கொலோனோஸ்கோப்பிக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். அதன் கரிய கசடு குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும். பரிசோதனை முடிந்ததும், பெருங்குடலின் தொடக்கப் பகுதி வரை கருவி சென்றதா என்று கேட்டு, அதை அறிக்கையில் எழுதி வாங்குங்கள்.