வலிப்பு மாத்திரையை விழுங்க மறுக்கும் 8 வயதுப் பையன்

சகோதரி, மகன் மாத்திரையைத் துப்புவதால் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில் பொடிப்பதை நிறுத்துங்கள். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்கச் சேர வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். ஆனால் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. இன்றே மருத்துவரை அழைத்து, பழகும்வரை சிரப் தர முடியுமா என்று கேளுங்கள்.

இதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். பயத்தில் தொண்டை இறுகும், குமட்டும். மூக்கைப் பிடித்து ஊற்றினால் பயம் கூடும், புரையும் ஏறலாம். குழந்தை உளவியலாளர்கள் மாத்திரை விழுங்குவதைப் படிப்படியாகப் பழக்குவார்கள். வீட்டிலும் செய்யலாம், சாப்பாடும் தண்ணீரும் அவனுக்குப் புரையேறாமல் இறங்கினால் மட்டும்.

மருந்து நேரத்தில் அல்ல, அவன் தெளிவாக இருக்கும்போது தினம் 10 நிமிடம். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் முதலில். பிறகு கேக்கில் தூவும் சர்க்கரைத் துகள் ஒன்றை நாக்கின் நடுவில் வைத்து, தண்ணீரோடு ஒரே மடக்கு. தலையை அண்ணாந்தால் இறங்குவது கடினம், நேராகவே இருக்கட்டும். தொடர்ந்து 5 முறை இறங்கினால் சீரக மிட்டாய், அடுத்து டிக் டாக் (Tic Tac) மிட்டாய். இரண்டு முறை தவறினால் முந்தைய சிறிய மிட்டாய்க்குத் திரும்பி, அது இறங்கியதும் பாராட்டி முடித்துவிடுங்கள். பெரும்பாலும் அவசரப்பட்டுப் பெரிய மிட்டாய்க்குத் தாவுவதில்தான் இது கெடுகிறது.

மாத்திரையை மிட்டாய் என்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு வாரத்தில் நகரவில்லையென்றால் உளவியலாளரிடம் அனுப்பச் சொல்லி மருத்துவரிடமே கேளுங்கள்.