முன்னாள் நீதிபதி டி.ஏ. பதவிக்கு நிற்கிறார்: எதைப் பார்த்து வாக்களிப்பது?

கேள்வி: டல்லாஸ் கவுண்டியில், இர்விங்கில் இருக்கிறோம். எனக்கு இப்போதுதான் குடியுரிமை கிடைத்திருக்கிறது. டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (டி.ஏ.), அதாவது கவுண்டியில் குற்ற வழக்குகளை நடத்தும் தலைமை அரசு வழக்கறிஞர் பதவிக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நிற்கிறார். நீதிபதியாகவே இருந்தவர், அப்புறம் என்ன, கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்கிறார் என் கணவர். சரியா? எச்-1பி விசாவில் இருக்கும் என் தம்பி அவருடைய பிரசாரத்துக்குப் பணம் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. குற்றவியல் வழக்குகளைப் பல ஆண்டுகள் விசாரித்தவருக்கு எந்தச் சாட்சி நிற்கும், எது உதிரும் என்பது அத்துப்படியாக இருக்கும். ஆனால் டி.ஏ.வின் கையில் இருக்கும் முக்கியமான அதிகாரம் நீதிபதிக்குக் கிடையாது. ஆகவே நீதிபதி நாற்காலியை மட்டும் வைத்து அவரை எடைபோட முடியாது.

இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடே விசித்திரமாகத் தெரியும். அங்கே உயர் நீதிமன்ற நிரந்தர நீதிபதியாக இருந்தவர் ஓய்வுக்குப் பின் அதே நீதிமன்றத்தில் வாதாட அரசியல் சாசனமே தடை போடுகிறது. அரசு வழக்கறிஞரை அரசு நியமிக்கிறது. டெக்சாஸில் நீதிபதியே கட்சி சார்பில் தேர்தலில் நின்றுதான் வருகிறார். டல்லாஸிலோ முன்னாள் நீதிபதி டி.ஏ. ஆவதும் சகஜம். 2014-இல் வென்ற சூசன் ஹாக் முன்னாள் நீதிபதி. அவர் 2016-இல் உடல்நலம் கருதி விலகியதும் ஆளுநர் நியமித்த ஃபெய்த் ஜான்சனும் முன்னாள் நீதிபதி. 2018-இல் அவரைத் தோற்கடித்த ஜான் க்ரூசோவும் அப்படியே. 2022-இல் அதே இருவர் மறுபடி மோதினார்கள். போட்டியிடும் இருவருமே நீதிபதியாக இருந்தவர்கள் என்றால், அந்தத் தகுதியைக் கொண்டு யாரைத் தேர்ந்தெடுப்பது?

சரி, அந்த அதிகாரம் என்ன? நீதிபதியிடம் வழக்கு வந்து சேரும். எது வழக்காக வேண்டும், எந்தப் பிரிவில், எந்த நிபந்தனையில் முடித்துக்கொள்ளலாம் என்பதை முடிவு செய்வது டி.ஏ. அலுவலகம். பெரிய குற்றங்களைக் கிராண்ட் ஜூரி, அதாவது குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் உண்டா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு முன் வைப்பதும் அவர்கள்தான். 12 பேரில் 9 பேர் ஒப்புக்கொண்டால் குற்றச்சாட்டு பதிவாகிவிடும். பெரும்பாலான வழக்குகள் விசாரணைவரை போவதே இல்லை, பேரம் பேசி முடிகின்றன.

இது நம்மவர்களை எங்கே தொடுகிறது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர் ஒருவர் கடையின் செல்ஃப் செக்-அவுட்டில் 150 டாலர் பொருளை ஸ்கேன் செய்யாமல் பையில் போட்டுப் பிடிபடுகிறார் என்று வையுங்கள். டெக்சாஸில் 100 முதல் 750 டாலருக்குள் திருட்டு என்றால் பி வகுப்புச் சிறு குற்றம். அதிகபட்சம் 180 நாள் சிறை, 2,000 டாலர் அபராதம். இரண்டு வழிகள் முன்னால் வரும். ஒன்று, டிஃபர்டு அட்ஜுடிகேஷன். குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது மறுக்காமல் விட வேண்டும். நீதிபதி தீர்ப்பைத் தள்ளிவைப்பார். நிபந்தனைகளை முடித்தால் மாநிலச் சட்டப்படி தண்டனை இல்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் குடிவரவுச் சட்டத்தின் கணக்கில் அது தண்டனைதான். விசா, கிரீன் கார்டு எல்லாவற்றிலும் வந்து நிற்கும். இன்னொரு வழி, விசாரணைக்கு முந்தைய டைவர்ஷன். வகுப்பு, சமூக சேவை முடித்தால் வழக்கே தள்ளுபடியாகும். இதற்குள் ஒருவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது டி.ஏ. அலுவலகத்தின் கையில்தான் இருக்கிறது. அதிலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகே சேர்ப்போம் என்று நிபந்தனை வைத்தால், குடிவரவில் அதே சிக்கல் திரும்பி வரலாம். குற்ற ஒப்புதலால் நாடு கடத்தும் ஆபத்து உண்டா என்று கட்சிக்காரரிடம் சொல்வது குற்றம்சாட்டப்பட்டவருக்காக வாதாடும் வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடமை உண்டு என்றாலும், டைவர்ஷன் வாசலைத் திறப்பது அவரால் ஆகாது.

ஆகவே உங்கள் வேட்பாளர் ஊர்க்கூட்டத்துக்கு வந்தால் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி இதுதான்: உங்கள் டைவர்ஷன் திட்டத்தில் யாருக்கு இடம் உண்டு, சேரும் முன் குற்ற ஒப்புதல் கேட்பீர்களா? 'குற்றத்தை ஒழிப்பேன்' என்பதெல்லாம் பதிலாகாது.

க்ரூசோவின் பாதையைப் பார்த்தால் நீதிபதி அனுபவம் எங்கே உதவும், எங்கே போதாது என்பது இரண்டும் தெரியும். நீதிபதியாக இருந்தபோதே, 1998-இல், போதைப்பொருள் வழக்குகளுக்காக டைவர்ட் என்ற சிறப்பு நீதிமன்றத்தைத் தொடங்கினார். தண்டிப்பதைவிடச் சிகிச்சை என்ற அந்த எண்ணம் பிறகு அவருடைய டி.ஏ. கொள்கையிலும் தெரிந்தது. ஆனால் 2019-இல், பிழைப்புக்குத் தேவையான பொருள்களை 750 டாலருக்குள் திருடினால், விற்று லாபம் பார்க்கும் நோக்கம் இல்லாதவரை வழக்கு போடமாட்டோம் என்று அறிவித்ததும் ஆளுநர், போலீஸ் சங்கங்கள் என்று எல்லாப் பக்கமும் எதிர்ப்பு கிளம்பியது. 2022-இல் அதைக் கைவிட்டார். நீதிபதி ஒரு வழக்கில் இரக்கம் காட்டினால் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. அதையே டி.ஏ. கொள்கையாக அறிவித்தால் தலைப்புச் செய்தி. தவிர, ஒரு வகைக் குற்றத்துக்கே வழக்கு கிடையாது என்று கொள்கை வைக்கும் டி.ஏ.வைப் பதவியிலிருந்து நீக்க வழிசெய்யும் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. இப்போது அப்படி வாக்குறுதி தருபவரிடம் அந்தச் சட்டத்தை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேளுங்கள்.

நீதிபதியாகவே இராதவர் இந்தப் பதவியில் பெயர் வாங்கியதும் உண்டு. கிரெய்க் வாட்கின்ஸ் குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞராக இருந்து 2006-இல் வென்றவர். தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகளை மறுபடி ஆராய அவர் தொடங்கிய பிரிவு பிறகு நாடெங்கும் பலருக்கு முன்மாதிரி ஆனது.

இனி, வேட்பாளரின் பழைய கணக்கைப் பார்ப்பது எப்படி? முதலில், எந்த நீதிமன்றத்தில் இருந்தார் என்று பாருங்கள். டல்லாஸில் சிவில், குடும்பம், குற்றவியல் என்று மாவட்ட நீதிமன்றங்கள் பிரிந்திருக்கின்றன. விவாகரத்து வழக்குகளையே பார்த்து ஓய்வுபெற்றவரும் துண்டுப் பிரசுரத்தில் 'ஜட்ஜ்'தான். பதவியை விட்டது எப்படி என்பதும் முக்கியம். நீதித்துறை சாராத பதவிக்குப் போட்டியிடும் நீதிபதி ராஜினாமா செய்ய வேண்டும் என்பது டெக்சாஸ் விதி. அதனால் சிலர் தேர்தலுக்காகவே விலகியிருப்பார்கள், சிலர் தோற்று வெளியேறியிருப்பார்கள். மாநில நீதித்துறை நடத்தை ஆணையத்தின் தளத்தில் பகிரங்கக் கண்டனங்கள் இருக்கும். டெக்சாஸ் ஸ்டேட் பார் (மாநில வழக்கறிஞர் அமைப்பு) தளத்தில் பெயரைப் போட்டால் ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரியும். 'இவர் கொடுத்தது 40 ஆண்டு' என்று விளம்பரம் வந்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். டெக்சாஸில் தண்டனையை ஜூரியே தீர்மானிக்கும்படி குற்றம்சாட்டப்பட்டவர் கேட்கலாம். அந்த 40 ஆண்டு ஜூரி கொடுத்ததாகவும் இருக்கலாம்.

அவர் நீதிபதியாகத் தீர்ப்பளித்த வழக்கு மீண்டும் எழுந்தால் அதில் அரசுத் தரப்பாக நிற்பது சிக்கல்தான். ஆனால் அவர் விலகிக்கொண்டால் நீதிமன்றம் வேறு வழக்கறிஞரை நியமிக்க வழி இருக்கிறது; வாக்கு போடாமல் இருக்க இது காரணம் ஆகாது.

வாக்கு பதியும் விஷயம் ஒன்று. டல்லாஸ் கவுண்டியில் ஜனநாயகக் கட்சிக்குத்தான் பலம். பல பதவிகளுக்கு உண்மையான போட்டி, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத பிரைமரி தேர்தலிலேயே முடிந்துவிடும். நவம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம். டெக்சாஸில் கட்சிப் பதிவு கிடையாது, எந்தக் கட்சி பிரைமரியில் வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். ஆனால் ஒன்றில் போட்டுவிட்டு மற்றதன் ரன்-ஆஃபில் (இரண்டாம் சுற்றில்) போட முடியாது. வாக்காளர் பதிவு 30 நாள் முன்னதாக முடிந்திருக்க வேண்டும். 2020 முதல் ஒரே பொத்தானில் கட்சி முழுவதற்கும் போடும் வசதி போய்விட்டதால், டி.ஏ. பெயர் வரும்வரை பொறுமையாகக் கீழே இறங்குங்கள். பிளேனோவுக்குக் குடிபெயர்ந்தால் அது பெரும்பாலும் காலின் கவுண்டி, அங்கே டி.ஏ.வே வேறு, பதிவையும் மாற்ற வேண்டும்.

உங்கள் தம்பி பணம் கொடுக்கக் கூடாது. உள்ளூர்த் தேர்தலானாலும் வெளிநாட்டவர் நன்கொடை தருவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. எச்-1பி அதில் அடங்கும். கிரீன் கார்டு இருந்தால் தரலாம், வாக்களிக்கத்தான் முடியாது. அவர் பணத்தை உங்கள் பெயரில் கொடுப்பதும் சட்டமீறலே. சம்பளம் வாங்காமல் போன் செய்வது, வீடு வீடாகப் போவது போன்ற தன்னார்வ வேலைக்குத் தடை இல்லை.