முகமூடி போட்ட காரை வரைகிற பையன்

ஒரகடத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். இன்னும் விற்பனைக்கு வராத, கறுப்பு வெள்ளைச் சுழல் ஸ்டிக்கர் சுற்றிய சோதனைக் கார் ரோட்டில் போனால், வீட்டுக்கு வந்ததும் அதன் அசல் உருவம் எப்படியிருக்கும் என்று வரைந்துகொண்டிருக்கிறானாம். தாய்மாமா மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்துவிட்டார். "இந்தக் கிறுக்கு போகப் போகச் சரியாகிவிடும்தானே?" என்று கேட்கிறார்.

ஆகாது அம்மா, ஆகவும் வேண்டாம். டொனேஷனுக்காக நகையை அடகு வைக்காதீர்கள். வட்டி கட்ட மாமா வரமாட்டார்.

அந்த ஸ்டிக்கர் கண்ணையும் கேமராவையும் குழப்பத்தான். அதற்கடியில் பொய்த் தகடுகள், சில நேரம் டம்மி விளக்குகள்கூட இருக்கும். அதையும் மீறி உடம்பின் வளைவை ஊகிக்கிறான் என்றால், அது கிறுக்கு இல்லை.

ரோட்டுக்கு வருவதற்கு வெகுநாள் முன்பே ரகசியம் தொடங்கிவிடுகிறது. கார் கம்பெனியின் டிசைன் ஸ்டுடியோவில் புதுக் காருக்குப் பெயர் கிடையாது, குறியீடுதான். மஹிந்திராவின் எக்ஸ்யூவி 700 உள்ளே டபிள்யூ 601, ஸ்கார்பியோ-என் இசட் 101. போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் உள்ளே விடுவார்கள். அங்கே முழு அளவுக் காரைக் களிமண்ணில் செய்கிறார்கள். நம் குளத்து மண் இல்லை. அடுப்பில் சூடாக்கினால் இளகி, ஆறினால் இறுகும் மெழுகு மண். ஃபோம் கட்டை மேல் அதைக் கையால் அப்பி, மெஷினில் செதுக்கி, கடைசியில் ஸ்டீல் சுரண்டியால் மனிதர்தான் இழைக்கிறார். மேலே பளபளப்பான ஃபிலிமை ஒட்டினால் பெயின்ட் அடித்த கார் மாதிரியே இருக்கும். அதில் விளக்கு வெளிச்சம் எங்கே நெளிகிறது என்று பார்த்து, மறுபடி சுரண்டுவார்.

இவர்கள்தான் கிளே மாடலர்கள். சிற்பம் படித்தவர்களுக்கும் இங்கே இடமுண்டு. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் சிற்பப் பிரிவு இருக்கிறது, மாமல்லபுரத்திலும் அரசு சிற்பக் கல்லூரி உண்டு. அரசுக் கட்டணம்தான். "சிலை செய்யவா படிக்க வைக்கிறாய்?" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். லட்சங்கள் கேட்கும் தனியார் டிசைன் கல்லூரிப் பக்கமும் போகாதீர்கள்.

இந்த வேலைக்கு இடங்கள் குறைவு, அதை மறைக்கமாட்டேன். இன்னொன்று, அவன் சோதனைக் காரைப் படமெடுத்து இன்ஸ்டாவில் போடுகிறானா? அப்படியென்றால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வாயையும் போனையும் கட்ட முடியாதவனை அந்த ஸ்டுடியோவில் சேர்க்கமாட்டார்கள்.

அடுத்த முறை மார்க்‌ஷீட்டை விட்டுவிட்டு, அவன் வரைந்த நோட்டை அனுப்புங்கள்.