மஸ்ட் நாட் என்றால் தடை

'நாளை வர வேண்டிய அவசியமில்லை' என்று சொல்ல நினைத்து, வாடிக்கையாளருக்கு 'யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ' என்று அனுப்பியிருக்கிறீர்கள். அவர் கோபப்பட்டதில் வியப்பில்லை. அதன் பொருள் 'வரவே கூடாது'. நீங்கள் எழுத வேண்டியது 'யூ டோன்ட் ஹேவ் டு கம்'. 'யூ நீட் நாட் கம்' என்றாலும் சரிதான், கொஞ்சம் பழைய வாடை அடிக்கும்.

மஸ்ட், ஹேவ் டு இரண்டும் சாதாரண வாக்கியத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். எதிர்மறையில்தான் பிரிந்துபோகின்றன, எல்லாரும் தடுமாறுவது அங்கேதான்.

அப்புறம் இறந்தகாலம்: 'போக வேண்டியிருந்தது' என்பதற்கு 'ஐ ஹேட் டு கோ'. 'ஹி மஸ்ட் ஹேவ் கான்' என்றால் 'போயிருப்பார்' என்ற ஊகம்.

இப்போதைக்கு அவருக்கு, 'வராவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் சொல்ல வந்தேன்' என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.