டிரம் பிரேக் பைக்குக்கு டிஸ்க் சில்லு பூட்டலாமா?

1970களின் டிரம் பிரேக் பைக்கைத் திருத்துகிறீர்கள், கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் டிஸ்க்கோடு ஒரு முன் சில்லு கிடைக்கிறது, அதைப் பூட்டலாமா என்பது கேள்வி. பூட்டலாம். ஆனால் சில்லை மட்டும் வாங்கினால் காசு வீண்.

காரணம் முன் சில்லைத் தாங்கும் ஃபோர்க். டிஸ்க்கை இறுக்கி நிறுத்தும் கலிப்பரைப் பிடிக்கும் காது டிரம் ஃபோர்க்கில் இருக்காது. அதை வெல்டிங் பண்ணி ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஃபோர்க், அக்சல், ஸ்பேசர், கலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் (லீவரை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது) எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுப்பதே நல்லது. மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் கலிப்பருக்குப் பொருந்தாத அளவில் பெரிதாக இருந்தால், லீவர் கல்லு மாதிரி இருக்கும், வண்டி நிற்காது. சில்லோடு சேர்ந்து ஸ்பீடோமீட்டரை ஓட்டும் கியரையும் மறக்க வேண்டாம்.

வேறொரு டிரம் சில்லு போடுவதென்றால், பிரேக் பிளேட் சுழலாமல் தடுக்கும் பிடி ஃபோர்க்கில் சரியாக உட்காருகிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் பிரேக் பிடித்ததும் பிளேட்டும் சேர்ந்து சுற்றும், சில்லு இறுகி ஆளைத் தூக்கி எறியும்.

என்னைக் கேட்டால், பழைய டிரம்மை லேத்தில் வட்டம் பார்த்து, புது பிரேக் ஷூ போட்டாலே கொழும்பு டிராஃபிக்குக்குப் போதும். அப்புறம், பழைய ஷூத் தூசியை ஊதாதீர்கள், அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.